கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: எந்தத் தொந்தரவுக்கு எதை முதலில் பார்ப்பது

அம்மாவுக்கு மார்பகத்தில் புற்றுநோய் வந்தது. 4 முறை சிவப்பு மருந்து (டாக்சோரூபிசின் வகை), அதன் பிறகு வாராவாரம் பாக்ளிடாக்சல், 12 வாரம். அந்த அலைச்சல் ஓய்ந்து ஒன்றரை வருடத்தில் மாமனாருக்குப் பெருங்குடலில். அவருக்கு ஆக்சாலிபிளாட்டின் ஊசி, கூடவே வீட்டில் சாப்பிட கேப்சிடபின் மாத்திரை, 8 சுற்று. இரண்டு பேரையும் முக்கூடலிலிருந்து கூட்டிப்போய்க் கூட்டிவந்தது நான்தான். இப்போது தெருவில் யாருக்குக் கீமோ என்றாலும் ராத்திரி 10 மணிக்கு எனக்குப் போன் வருகிறது. "எக்கா, அப்பாவுக்கு விக்கல் நிக்கவே இல்ல, என்ன செய்ய?" எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். அதனால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்தத் தாளைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

## எதற்கும் முன்னால்: இன்று எத்தனாவது நாள்?

யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மருந்து ஏறிய நாள் 1. அங்கிருந்து எண்ணுங்கள். 3 வாரத்துக்கு ஒருமுறை ஏறும் மருந்தென்றால் பொதுவாக முதல் 3 நாள் குமட்டல், தூக்கமின்மை, விக்கல். 3 முதல் 5 வரை மலச்சிக்கலும் அசதியும். 5 தாண்டினால் வாய்ப்புண். 7 முதல் 14 வரை ரத்த அணுக்கள் இறங்கிக் கிடக்கும் நாட்கள். பயப்பட வேண்டியது அப்போதுதான். ஒரே வாந்தி 2ஆம் நாள் வந்தால் ஒரு கதை, 11ஆம் நாள் வந்தால் வேறு கதை.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி அடுப்படியில் ஆணியில் தொங்கவிடுங்கள். நாள் எண், காய்ச்சல், எத்தனை முறை வெளியே போனார், என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. முதல் பக்கத்தில் மருந்துகளின் பெயரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் பெரிதாக எழுதுங்கள். "கீமோ" என்று ஒரு மருந்து கிடையாது. ஒரு மருந்துக்கு ஐஸ் கட்டி நல்லது, இன்னொன்றுக்கு அதே ஐஸ் ஆகாது. பெயர் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியத்தைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் பெரியவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தொட்டுப் பாருங்கள், எண்ணிப் பாருங்கள், வாயைத் திறந்து பாருங்கள்.

## உடம்பு காய்கிறது

இதில் மட்டும் எளிதிலிருந்து கடினம் என்ற வரிசை கிடையாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் ஒரு முறை காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். காய்ச்சலே காட்டாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அதே.

கை வைத்துப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில். சூடாகக் காப்பி குடித்திருந்தால் 20 நிமிடம் கழித்து. வாய்ப்புண் இருந்தால் அக்குளில் வையுங்கள். அங்கே கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

பாராசிட்டமால்? ஆஸ்பத்திரியில் கேட்காமல் கொடுக்காதீர்கள். இதில்தான் நான் பட்டேன். அம்மாவுக்கு இரண்டாம் சுற்றில் 9ஆம் நாள், சாயங்காலம். "ஏட்டி, சும்மா இரி. லேசா உடம்பு காயுது, மழைல நனைஞ்சது" என்றாள். 100.8. ஒரு மாத்திரை கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் 99. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். விடியற்காலை 4 மணிக்குக் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மாவின் நடுக்கத்தில் கட்டில் கால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. 6 நாள் படுக்கையில் வைத்து ஊசி போட்டார்கள். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கியது, கிருமி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் சளி, இருமல், சீழ் என்று எந்த அடையாளமும் காட்டாமல் காய்ச்சல் மட்டும்தான் வரும்.

போகும்போது செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் தாள், நோட்டு, மாத்திரைப் பை. வண்டி இல்லையென்றால் 108. அவசரப் பிரிவு வாசலில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "கீமோ நோயாளி, இன்று 9ஆம் நாள், 100.8 காய்ச்சல்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. வழக்கமாகச் சிகிச்சை எடுக்கும் ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில் இருக்கிறதா? அங்கே போய்க்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். திருநெல்வேலியிலோ பக்கத்திலோ ரத்தப் பரிசோதனையும் ஊசியும் நடக்கிற இடத்துக்கு முதலில் போங்கள். எந்த இடம் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்து வைத்துவிடுங்கள்.

வராமல் தடுக்க: 7 முதல் 14ஆம் நாள் வரை கல்யாணம், கேதம், ஆனித் தேர் எதுவும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் கை கழுவிவிட்டு வாசலோடு பேசட்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வரும் அத்தையை எப்படி நிறுத்துவது என்பதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை.

## வாந்தி, குமட்டல்

மாத்திரை எப்போது போட்டார் என்பதை முதலில் பாருங்கள். ஒன்டான்செட்ரான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பு. வாந்தி வந்த பிறகு தேடி எடுத்துப் போடுவது பாதிப் பலன்தான். "குமட்டல் இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். எழுதிக் கொடுத்த நாட்கள் முழுக்கப் போட வேண்டும். விழுங்கிய சற்று நேரத்தில் வாந்தியோடு வந்துவிட்டால் திரும்பப் போடலாமா என்று போனில் கேளுங்கள். வாயில் கரையும் வகையும் இருக்கிறது.

மாத்திரை சரியாகத்தான் போகிறது என்றால் மூக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கருவாடும் தாளிப்பும்தான் எதிரி. அம்மா இருக்கும் அறைக்குக் காற்று போகாத பக்கமாக அடுப்பை மாற்றினோம். சோறு ஆறிய பிறகு கொடுத்தால் வாசனை எழும்பாது. வெறும் வயிறும் குமட்டும். எழுந்தவுடன் ஒரு ரஸ்க், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிண்ணம். கஞ்சி, இட்லி, இடியாப்பம். தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே குமட்டும்.

அதுவும் சரி என்றால் வயிறு போய் எத்தனை நாள் ஆயிற்று என்று நோட்டில் பாருங்கள். மலச்சிக்கலே பல நேரம் குமட்டலாக வெளிப்படும்.

இத்தனைக்குப் பிறகும் நிற்கவில்லையா? மருந்து போதவில்லை என்று அர்த்தம். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டிக் கொடுக்க இன்னும் மருந்துகள் இருக்கின்றன. 3 நாள் சாப்பிடும் அப்ரெபிடன்ட் காப்ஸ்யூல் ஒன்று. ராத்திரிக்கு ஓலன்சபின் இன்னொன்று. ஓலன்சபினைக் கொடுத்ததும் என் தம்பி போனில் தேடிவிட்டு, "மனநோய்க்கான மாத்திரையை அம்மாவுக்கு ஏன் கொடுக்காங்க?" என்று குதித்தான். குறைந்த அளவில் அது வாந்திக்கு நன்றாகக் கேட்கும். தூக்கம் தூக்கமாக வரும், ராத்திரி எழுந்தால் கை பிடித்துக் கூட்டிப்போங்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி: தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் 12 மணி நேரம் ஆனால், 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் நிறமோ வந்தால்.

## வயிறு போகவில்லை

பெரும்பாலும் காரணம் அந்த வாந்தி மாத்திரைதான். ஒன்டான்செட்ரான் குடலை மெதுவாக்கும். வலி மாத்திரைகளில் டிரமடால், மார்ஃபின், கீமோ மருந்தில் வின்கிறிஸ்டின் இதே வேலையைச் செய்யும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், நாட்டுப்பழம், கீரை, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடை. 2 நாள் தாண்டினால் டாக்டர் எழுதிய சிரப். எங்கள் டாக்டர் அடுத்த சுற்றிலிருந்து முதல் ராத்திரியே சிரப்பைத் தொடங்கச் சொல்லிவிட்டார், அதோடு தொல்லை தீர்ந்தது. விளக்கெண்ணெய் வேண்டாம். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து இரண்டும் கேட்காமல் கூடாது. அணுக்கள் குறைந்த நாளில் சின்னக் கீறல் போதும், கிருமி புகுந்துவிடும்.

3 நாளுக்கு மேல் ஆனால் போன். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் சேர்ந்தால் போனெல்லாம் இல்லை, நேரே ஆஸ்பத்திரி.

## வயிற்றுப்போக்கு

எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஒரு நாளில் 4 முறை கூடுதலாகப் போனாலோ, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினாலோ போன் பண்ணுங்கள். கேப்சிடபின் சாப்பிடுகிறவர் என்றால் அடுத்த வேளை மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். மாமா நல்ல பிள்ளையாக வயிறு 7 முறை போன பிறகும் வேளை தவறாமல் மாத்திரை போட்டிருக்கிறார். "டாக்டர் விடாம சாப்பிடச் சொன்னாருல்லா?" இந்த மாத்திரையைப் பொறுத்தவரை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதும் சிகிச்சைதான். திரும்ப எப்போது, எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள்.

அதுவரை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் அளவு கெட்டுவிடும். உப்புப் போட்ட கஞ்சி, இட்லி. பாலும் எண்ணெய்ப் பலகாரமும் ஓய்வெடுக்கட்டும், அல்வாவும்தான். போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். காய்ச்சலும் போக்கும் சேர்ந்திருந்தால், ரத்தம் தெரிந்தால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

## வாயைத் திறக்க முடியவில்லை, சோறு எரிகிறது

போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு.

சிவந்து, அங்கங்கே புண்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கும் முன்பும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ். கடையில் விற்கும் காரமான கொப்பளிப்பு மருந்துகளில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், எரிச்சல் கூடும். வெற்றிலை, புகையிலை, பாக்கு நிறுத்தம்; மாமாவிடம் இதைச் சொல்லப் பட்ட பாடு தனிக் கதை.

தயிர் ஏடு போல வெள்ளைப் படலம்: பூஞ்சை. சோடாத் தண்ணீரில் போகாது, மருந்து வேண்டும். வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பக் கேட்டால் அனுப்புங்கள், இல்லையென்றால் மறுநாள் காட்டுங்கள்.

சாப்பாட்டில் எங்களைக் காப்பாற்றியது சொதி. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் குழைந்த உருளைக்கிழங்கும். பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சை மூன்றையும் விட்டுவிட வேண்டும். "இதுக்குப் பேரு சொதியாட்டி?" என்று அம்மா முகம் சுளித்தாள். ஆனாலும் இடியாப்பத்தை அதில் ஊறவிட்டு இரண்டு கிண்ணம் இறங்கியது. உளுந்தம்பருப்புச் சோறு குழைய வைத்து நல்லெண்ணெய் ஊற்றினாலும் இறங்கும். துவையலில் மிளகாய் கூடாது. எல்லாம் கசக்கிறது, இரும்பு வாடை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி, சாப்பிடும் முன் ஒரு கொப்பளிப்பு. பச்சையாக எதுவும் வேண்டாம். மரத்தடியில் விற்கிற பதநீரும், வெட்டிவைத்த பழமும் இந்த 6 மாதம் இல்லாமல் போகட்டும்.

எச்சில்கூட விழுங்க முடியவில்லை, ஈறில் ரத்தம், காய்ச்சல் என்றால் கிளம்புங்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

## கையும் காலும் மரத்துப்போகிறது

இரண்டு வகை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆக்சாலிபிளாட்டின் ஏறிய முதல் சில நாள், குளிர்ச்சியைத் தொட்டால் மட்டும். மாமா முதல் சுற்றுக்கு மறுநாள் விடியலில் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். சொம்பு கீழே விழுந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை விரித்து நின்றார். மூச்சு அடைத்த மாதிரி இருந்ததாம். வெந்நீர் கொடுத்து, துண்டைக் கழுத்தில் சுற்றியதும் பத்து நிமிடத்தில் தணிந்தது. அந்த மருந்து நரம்பில் செய்யும் வேலை இது. ஃப்ரிட்ஜ் தண்ணீர் மட்டுமல்ல, மண்பானைத் தண்ணீரும் மார்கழி விடியலின் குழாய்த் தண்ணீரும் குளிர்ச்சிதான். ஃப்ரிட்ஜுக்குள் கைவிட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். வீட்டில் சாரல் காலத்துக்கு காதோடு மூடும் மஃப்ளர். குற்றாலம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் கட்டி சப்பும் பழக்கம் வேறு சில மருந்துகளுக்கு உண்டு. அதை இவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். சூடு காட்டியும் தணியாமல் மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கித் தடிப்பு வந்தாலோ அது ஒவ்வாமை, 108.

சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும் மரமரப்பு. பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின்; ஆக்சாலிபிளாட்டினும் போகப் போக இப்படித்தான். "மரத்துப்போகுதா?" என்று நான் வாராவாரம் கேட்டேன். வாராவாரம் "இல்ல." ஆறாவது வாரம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் அம்மா சொளவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். புகையிலைத் தூள் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தும், 40 வருடம் பீடி சுற்றிய கை சும்மா இருக்கவில்லை. இலை உருண்டது, முனை மடங்கியது, நூல் மட்டும் நிற்கவில்லை. சுற்றுகிறாள், நழுவுகிறது. திரும்பச் சுற்றுகிறாள். விரல் நுனிக்கு நூல் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சொளவைத் தள்ளிவிட்டு "நூல் சரியில்ல" என்றாள்.

அதனால் கேட்காதீர்கள். சட்டைப் பொத்தான் போடச் சொல்லுங்கள், ஊக்கு மாட்டச் சொல்லுங்கள், பத்து ரூபாய் நாணயத்தையும் ஐந்து ரூபாயையும் கண்ணை மூடித் தடவிப் பிரிக்கச் சொல்லுங்கள். நடக்கும்போது செருப்பு கழன்றது தெரிகிறதா என்று பாருங்கள். எதில் தடுமாறினாலும் அடுத்த ஊசிக்கு முன்பு டாக்டர் காதில் போட வேண்டும். அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம். சொல்லாமல் விட்டால் சிலருக்கு மரமரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கி நீங்களே ஆரம்பிக்காதீர்கள்.

அதுவரை: குளிக்கும் தண்ணீரின் சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். வெறுங்காலோடு வெயிலில் கோவில் பிராகாரம் சுற்றுவது வேண்டாம். ராத்திரி பாதத்தைத் தூக்கிப் பாருங்கள், சர்க்கரை உள்ளவர் என்றால் கட்டாயம். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்து தோல் உரிந்தால் அது கேப்சிடபினின் வேலை. தேங்காயெண்ணெயோ கிரீமோ தடவி, புண்ணாவதற்குள் போன் பண்ணுங்கள். ஒரு பக்கக் கை கால் மட்டும் திடீரென மரத்தால், வாய் கோணினால், முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஓடுங்கள்.

## சிறுநீர் சிவப்பாகப் போகிறது

1 அல்லது 2ஆம் நாள், சிவப்பு மருந்து ஏறியவர், எரிச்சல் இல்லை: மருந்தின் நிறம். பயம் வேண்டாம். முதல்முறை நாங்கள் பாத்ரூம் வாசலில் அழுதே விட்டோம். யாராவது ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம்.

3ஆம் நாளுக்குப் பிறகும் சிவப்பு, அல்லது எரிச்சல், கட்டி கட்டியாக: சைக்ளோஃபாஸ்ஃபமைடு, இஃபோஸ்ஃபமைடு இரண்டும் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். அன்றே போன். தடுக்க, ஊசி ஏறிய நாளும் மறுநாளும் நிறையத் தண்ணீர். தூங்கும் முன் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட வேண்டும். இதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவருக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து ஏறிய 2 நாளுக்குச் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். கழுவும்போது கையுறை போடுங்கள், கழிப்பறையில் இரண்டு வாளித் தண்ணீர் தாராளமாக ஊற்றுங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

## வேறு எங்காவது ரத்தம்

காலில் குண்டூசி முனை மாதிரி சிவப்புப் புள்ளிகள், தட்டாமலேயே கருநீலம், பல் தேய்த்தால் ரத்தம்: பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். அன்றே ரத்தப் பரிசோதனை. மூக்கில் வந்தால் முன்பக்கமாகக் குனிந்து மூக்கை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். பிறகும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. முட்டுவலி என்று தெருமுனையில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மூரில் உண்டு. கீமோ முடியும் வரை அது கூடாது, ஆஸ்பிரின், புரூஃபென்னும் கூடாது. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, குற்றாலத்து மூலிகைப் பொடி எதுவானாலும் டாக்டரிடம் காட்டிய பிறகுதான். பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்முடையது, சித்தத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு மருந்து உள்ளே போவது இரண்டு டாக்டருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவே.

## விக்கல், தூக்கம் இல்லை, சர்க்கரை ஏறிவிட்டது

மூன்றும் ஒரே ஆள் வேலை: டெக்சாமெத்தசோன். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு. காலையில், சாப்பிட்ட பிறகு போட்டால் ராத்திரித் தூக்கம் ஓரளவு தப்பும். விக்கல் 2 நாளில் அடங்கும். சாப்பிடவோ தூங்கவோ விடாவிட்டால் அதற்கு மாத்திரை உண்டு, கேளுங்கள். சர்க்கரைக்காரர் என்றால் அந்த நாட்களில் காலையும் மாலையும் விரல் குத்திப் பாருங்கள். 300 தாண்டினால் போன். 4ஆம் நாள் ஸ்டீராய்டு இறங்கியதும் ஆள் துவண்டு கிடப்பார், அது எதிர்பார்த்ததுதான்.

## எலும்பெல்லாம் வலி

வெள்ளை அணுவைக் கூட்டுவதற்கு ஃபில்கிராஸ்டிம் வகை ஊசி போட்டீர்களா? அந்த ஊசியின் வலி. இடுப்பு, தொடை, முதுகு. காய்ச்சல் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும், டாக்டர் சொன்ன வலி மாத்திரை. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். திருநெல்வேலியில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரும்போது ஐஸ் பெட்டி கேளுங்கள். ஊசி ஐஸைத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள், உறைந்தாலும் கெட்டுவிடும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள்.

## ஊசி ஏறிய இடம் எரிகிறது

ஏறிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். "அவங்க பாவம், எத்தன பேரப் பாக்காங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது அம்மாக்களின் வழக்கம். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு சிவந்து, வீங்கி, கொப்புளம் வந்தால் அன்றே காட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ரத்தக்குழாய் கறுத்து ஓடுவது மட்டும் என்றால் நாளடைவில் மங்கும்.

## அசதி

முதலில் சாப்பாடும் தூக்கமும். பகல் முழுக்கப் படுத்தால் அசதி கூடத்தான் செய்யும். சாயங்காலம் வாசலில் 10 நிமிட நடை. குளிக்க பிளாஸ்டிக் முக்காலி. அடுத்து ஹீமோகுளோபின்: கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டினால், இரண்டு காலும் வீங்கினால் சிவப்பு மருந்து இதயத்தைத் தொட்டிருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், பேச்சு குழறினால் 108.

## முடி

கொட்ட வைக்கும் மருந்தென்றால் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், கீமோ முடிந்த பிறகு வளரும். அம்மா முதல் ஊசிக்கு முந்தைய வாரமே திருச்செந்தூர் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டவர்களிடம் சொல்ல ஒரு காரணமும் ஆயிற்று.

## "இனி நான் வரல"

இதையும் ஒரு அறிகுறியாகத்தான் பார்க்க வேண்டும். பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். சொல்லாத வலி, வாந்தி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மேலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பணமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் படிவம் வாங்க வேண்டும். இந்த இரண்டையும் கணக்குப் போட்டு எழுதிக் காட்டினால் மாமா போன்றவர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். தொடர்ந்து சாப்பிடாமல், பேசாமல், செத்துப்போனால் நல்லது என்று சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்தும் ஆளும் உண்டு.

அம்மா ஒன்பதாவது வாரம் சொன்னாள். "போதும்ட்டி." மூன்று நாள் நான் புத்தி சொன்னேன், தம்பி சண்டை போட்டான். நான்காம் நாள் பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னாள்: போன தடவை பஸ்ஸில், டவுன் வருவதற்குள், பக்கத்தில் இருந்த பெண்ணின் சேலையில் வாந்தி எடுத்துவிட்டாளாம். நான் முன் வாசல் பக்கம் நின்றிருந்தேன், பார்க்கவில்லை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து வேறு இடம் போய்விட்டாள். அதுதான்.

ஆஸ்பத்திரியை நினைத்தாலே, மருந்து ஏறுவதற்கு முன்பே, சிலருக்கு வாந்தி வரும். டாக்டரிடம் சொன்னதும் முந்தின ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினார். தெரிந்த ஆட்டோக்காரரிடம் போக வர ஒரு தொகை பேசினேன். ஒரு துண்டு, நாலு பிளாஸ்டிக் கவர், ஒரு எலுமிச்சம்பழம்.

வெள்ளிக்கிழமை 6 மணிக்கே கிளம்பித் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ வந்ததும் எழுந்து நாலு எட்டு நடந்தாள். இடது கால் செருப்பு திண்ணையடியிலேயே கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டு, ஆட்டோவில் ஏறியதும் நோட்டை எடுத்து எழுதினேன்: வாரம் 9, இடது பாதம்.